ஃபோலிக் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? நிறுத்துவதற்கு முன் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்

கர்ப்பகாலத்தில் சத்து மாத்திரையைப் பாதியில் விட்ட பெண்கள் என் சொந்தத்திலேயே பலர் உண்டு. கேட்டால் "எனக்கு ஃபோலிக் ஒத்துக்கல" என்பார்கள். குமட்டுகிறது, வயிறு கட்டிக்கொள்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது, நெஞ்சைக் கரிக்கிறது என்று ஆளுக்கு ஒரு காரணம் இருக்கும். நர்ஸ் அக்கா வந்து கேட்டால் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, அட்டை அட்டையாக பீரோவுக்குள் வைத்திருப்பார்கள். அவர்கள் பட்ட சிரமம் பொய்யில்லை, நானும் பட்டிருக்கிறேன். ஆனால் அதில் பெரும்பகுதி ஃபோலிக் ஆசிட் என்ற பி வகை வைட்டமினால் வருவது இல்லை. எது நம்மைப் படுத்துகிறது என்று தெரியாமல், குழந்தைக்கு மிகவும் தேவையான ஒன்றையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. என் உடம்பில் நடந்ததையும், என் மருத்துவரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். உங்கள் மாத்திரையை மாற்ற வேண்டுமானால் உங்கள் மருத்துவரைக் கேட்டே மாற்றுங்கள்.

குழந்தைக்குத் திட்டமிடத் தொடங்கியதும் எனக்கு முதலில் எழுதிக் கொடுத்தது 5 மி.கி. ஃபோலிக் ஆசிட். சின்ன மஞ்சள் மாத்திரை, விலையும் குறைவு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார்கள். சில நாட்களிலேயே வயிறு உப்புசம், வாயில் ஒரு கசப்பு, லேசான குமட்டல். அதைவிட, நடுராத்திரியில் விழிப்பு வந்து மறுபடி தூக்கம் பிடிக்காமல் புரள்வதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. வீட்டில் எல்லோரும் "இதெல்லாம் குழந்தை வேண்டும் என்ற டென்ஷன்" என்றார்கள். இருக்கலாம். ஆனால் ஃபோலிக் ஆசிடின் பக்கவிளைவுப் பட்டியலில் குமட்டல், வயிற்று உப்புசம், வாய்க்கசப்பு, தூக்கக் குறைவு, எரிச்சல் எல்லாம் இருக்கத்தான் செய்கின்றன. பெரும்பாலும் அதிக அளவில் எடுப்பவர்களுக்கு, அதுவும் அரிதாக. 1970-ல் இங்கிலாந்தில் ஆரோக்கியமானவர்களுக்குத் தினம் 15 மி.கி. கொடுத்துப் பார்த்தபோது தூக்கம் கெடுவது, எரிச்சல், வயிற்றுத் தொல்லை எல்லாம் வந்ததாக எழுதினார்கள். அதே அளவை மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிந்தைய ஆய்வில் அப்படி எதுவும் தெரியவில்லை. அதனால் என் தூக்கத்தைக் கெடுத்தது இந்த மாத்திரைதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நேரத்தைக் காலைக்கு மாற்றினேன், தூக்கம் சரியானது. எனக்கு அது போதுமாக இருந்தது. நேரத்தை மாற்றுவதால் எந்த நஷ்டமும் இல்லை. இந்தச் சத்து காலையில் போட்டாலும் ராத்திரி போட்டாலும் ஒரே வேலையைத்தான் செய்யும்.

வெறும் வயிற்றில் போட வேண்டுமா, சாப்பிட்டுப் போட வேண்டுமா என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. வெறும் வயிற்றில் போட்டால் ஃபோலிக் ஆசிட் ஏறக்குறைய முழுவதுமாக உடம்பில் சேரும், சாப்பாட்டோடு போட்டால் சுமார் 85 சதவீதம் சேரும். வித்தியாசம் அவ்வளவுதான். குமட்டுகிறது என்றால் தயங்காமல் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். இரண்டு இட்லிக்குப் பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரோடு போட்டால் எனக்குக் குமட்டவே இல்லை. ஒரு வாய் டீ மட்டும் குடித்துவிட்டுப் போட்ட அன்றெல்லாம் குமட்டியது.

நேரத்தை விடப் பெரிய விஷயம் அளவு. ஊரில் மருந்துக்கடைக்குப் போய் ஃபோலிக் மாத்திரை கேட்டால் முதலில் கையில் வருவது 5 மி.கி.தான். ஆனால் குழந்தைக்குத் திட்டமிடும் சாதாரண ஆரோக்கியமுள்ள பெண்ணுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு தினம் 400 மைக்ரோகிராம், அதாவது 0.4 மி.கி. நம் கையில் இருப்பது அதைப் போல பன்னிரண்டு மடங்குக்கும் மேல். 4, 5 மி.கி. என்ற பெரிய அளவு காரணமில்லாமல் வந்ததல்ல. முந்தைய குழந்தைக்கு முதுகுத்தண்டிலோ மூளையிலோ பிறவிக்குறை இருந்த தாய்மாருக்குத் தினம் 4 மி.கி. கொடுத்து ஏழு நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நடத்திய அந்த ஆய்வின் முடிவு 1991-ல் வெளியானது. அதே குறை மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்திருந்தது. அன்றிலிருந்து அப்படிப்பட்டவர்களுக்கும், வலிப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், இன்னும் சில காரணங்களுக்காகவும் பெரிய அளவை எழுதுகிறார்கள். "எனக்கு அப்படி ஏதாவது காரணம் இருக்கிறதா டாக்டர்?" என்று நான் கேட்டேன். இல்லை என்றார். 400 மைக்ரோகிராமுக்கு மாற்றிக் கொடுத்தார். சிறிய அளவு எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. ஒரு கடையில் "ரெண்டும் ஒண்ணுதாம்மா, சத்துதானே, அதிகமா இருந்தா நல்லதுதானே" என்றார்கள். ஒன்றல்ல. அளவு இறங்கியதும் என் உப்புசமும் வாய்க்கசப்பும் போய்விட்டன.

இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாகவே 5 மி.கி.யை உடைத்துப் பாதி போட வேண்டாம். உங்களுக்கு அந்த அளவு தேவையாக இருக்கலாம். தெரிந்த ஒரு பெண் வலிப்புக்கு மாத்திரை எடுப்பவர். அவருக்கு 5 மி.கி. எழுதியது காரணத்தோடுதான். வலிப்பு மருந்துகளில் சில, உடம்பில் ஃபோலேட்டை, அதாவது ஃபோலிக் ஆசிட் தரும் அந்தச் சத்தை, குறைத்துவிடும். ஃபெனிடாயின் போன்ற மருந்து எடுப்பவர்கள் ஃபோலிக் ஆசிடைப் பெரிய அளவில் சேர்த்தால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு இறங்கவும் கூடும். எனவே வலிப்புக்குப் பார்க்கும் மருத்துவரும் கர்ப்பத்துக்குப் பார்க்கும் மருத்துவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது பி12 வைட்டமின். நாங்கள் வீட்டில் சைவம். முட்டை கூட கிடையாது. என் மருத்துவர் ஃபோலிக் எழுதுவதோடு நிற்காமல் பி12 பரிசோதனையும் எழுதினார். எனக்கு அது குறைவாக இருந்தது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பி12 குறைவும் ஃபோலேட் குறைவும் ரத்தத்தில் ஒரே மாதிரியான சோகையைத்தான் காட்டும், சிவப்பணுக்கள் பெரிது பெரிதாக இருக்கும். பி12 குறைவாக இருப்பவருக்கு ஃபோலிக் ஆசிட் மட்டும் நிறையக் கொடுத்தால் சோகை சரியாகிவிடும், ரிப்போர்ட் நன்றாக வரும். ஆனால் நரம்பு கெடுவது உள்ளே நடந்துகொண்டே இருக்கும். பாதத்தில் எறும்பு ஊர்வது போல, மரத்துப் போவது போலத் தொடங்கும். அந்த எச்சரிக்கை மணியாகிய சோகை இல்லாததால் யாரும் தேட மாட்டார்கள். மருத்துவர் சொல்லாமல் தினம் 1 மி.கி.க்கு மேல் ஃபோலிக் ஆசிட் போடக்கூடாது என்று அமெரிக்காவில் 1998-ல் வரம்பு வைத்தது இதனால்தான். நம் ஊர்ச் சைவக் குடும்பங்களில், அதிலும் பால் தயிர் கூட அதிகம் சேர்க்காத வீடுகளில், பி12 குறைவு சாதாரணமாகக் காண்பது. கை கால் மரத்தல், நாக்கு எரிச்சல், காரணமில்லாத களைப்பு இருந்து, கையில் ஃபோலிக் மாத்திரை மட்டும் இருக்கிறது என்றால், அடுத்த முறை போகும்போது பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

பி12 ஊசி போட்டு மாத்திரைக்கு மாறிய சமயத்தில் அண்ணி ஒரு யோசனை சொன்னார். சாதாரண ஃபோலிக் வேண்டாம், மீதைல்ஃபோலேட் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் உடம்பில் நேரடியாக ஒட்டும் என்று அவருடைய தோழி சொன்னாராம். மருத்துவரும் ஆட்சேபிக்கவில்லை. வாங்கிப் பார்த்தேன். அந்த ஒரே மாத்திரையில் மீதைல்ஃபோலேட், பி12-இன் ஒரு வகையான மீதைல்கோபாலமின், பி6 எல்லாம் இருந்தன. போட்ட சில நாளில் தலைவலி, ஒரு படபடப்பு. எதனால் என்று யோசித்தால் பதிலே கிடைக்காது, ஏனென்றால் உள்ளே இருப்பது மூன்று பொருள். மருத்துவரிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்: "எதை நிறுத்தச் சொல்றது?" எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சாதாரண ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராமை முதலில் தொடங்கி, தொந்தரவு இல்லை என்று உறுதியான பிறகு பி12-ஐத் தனியாகச் சேர்த்தார். இரண்டும் பேசாமல் ஒத்துக்கொண்டன. அன்றிலிருந்து புது மாத்திரை எதுவானாலும் ஒரு சமயத்தில் ஒன்றுதான் தொடங்குவேன். கலவை மாத்திரை வசதிதான். தொந்தரவு வந்தால் மட்டும் அது நம்மைக் குழப்பிவிடும்.

மீதைல்ஃபோலேட்டைக் குறை சொல்லவில்லை. சிலருக்கு மருத்துவர்கள் அதைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் எம்டிஎச்எஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பவர்கள் சாதாரண ஃபோலிக் ஆசிடைப் பயன்படுத்தவே முடியாது என்று பரவும் பேச்சு சரியல்ல. அந்த மாற்றம் உலகெங்கும் கோடிக்கணக்கானவர்களுக்கு இருக்கிறது, அவர்கள் உடம்பும் ஃபோலிக் ஆசிடைப் பயன்படுத்தத்தான் செய்கிறது. குழந்தையின் முதுகுத்தண்டுக் குறையைத் தடுப்பதாக ஆய்வுகளில் நிரூபணமானதும் ஃபோலிக் ஆசிட்தான். அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. விலை பல மடங்கு அதிகமான மாத்திரையை வாங்க முடியவில்லையே என்று யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.

கர்ப்பம் உறுதியான பிறகு முதல் மூன்று மாதம் எனக்கு வாந்திக் காலம். இங்கேதான் நிறையப் பேர் மாத்திரையை விடுகிறார்கள், விடவே கூடாத காலமும் இதுதான். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் கரு உண்டானதிலிருந்து சுமார் 28 நாளுக்குள் மூடிவிடும். பல பெண்களுக்கு அப்போது நாள் தள்ளிப்போனதே சரியாகத் தெரிந்திருக்காது. அதனால்தான் கருத்தரிப்பதற்கு ஒரு மாதமாவது முன்பே தொடங்கி, முதல் 12 வாரம் வரை விடாமல் எடுக்கச் சொல்கிறார்கள். வாந்தி அதிகமாக இருந்த நாட்களில் நான் காலையில் மாத்திரையைத் தொடவே இல்லை. எனக்குக் காலை பொழுது முழுக்க வாந்தி, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கொஞ்சம் தெளிச்சல். அந்த நேரத்தில் பொரியோ, ஒரு தோசையோ சாப்பிட்டு அரைமணி கழித்துப் போட்டுக்கொள்வேன். உங்களுக்குத் தெளிச்சலான நேரம் எது என்று பார்த்து அதை மாத்திரை நேரமாக வையுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம், வழக்கம்போல ஒன்று போதும். போட்டவுடனே வாந்தியில் முழு மாத்திரையும் வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது என்றால் அது மாத்திரை பிரச்சினை இல்லை, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நாலாம் மாதத்தில் வந்தது சிவப்பு மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருவது. நம்மில் பெரும்பாலோர் ஃபோலிக் மாத்திரை என்று சொல்வது இதைத்தான். ஆனால் இதில் ஃபோலிக் ஆசிட் 500 மைக்ரோகிராம்தான். கூடவே இருப்பது 60 மி.கி. இரும்பு. 2018-ல் தொடங்கிய 'அனீமியா முக்த் பாரத்' (ரத்தசோகை இல்லாத இந்தியா) என்ற அரசுத் திட்டப்படி நாலாம் மாதத்திலிருந்து 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள். பள்ளிக்கூடத்தில் வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்றாகத் தரும் நீல மாத்திரையிலும் இதே இரண்டும்தான். என் அண்ணன் மகள் அதைச் சாப்பிட்ட அன்று வயிறு வலிக்கிறது என்று சொல்வாள். விசாரித்தால் காலையில் சாப்பிடாமல் பள்ளிக்குப் போயிருப்பாள். மதிய உணவுக்குப் பிறகு போடும்படி சொல்லிக்கொடுத்தோம், வலி நின்றது.

மலம் கறுப்பாகப் போவது, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், துரு வாசனையோடு ஏப்பம், மேல்வயிற்றில் பிசைவது, இவையெல்லாம் இரும்பின் வேலை. ஃபோலிக் ஆசிட் மலத்தைக் கறுக்க வைக்காது, கட்டவும் வைக்காது. என் சித்தி மகள் "ஃபோலிக் ஒத்துக்கல" என்று விட்டது இந்தச் சிவப்பு மாத்திரையைத்தான். அவளுக்கு முதல் மூன்று மாதம் போட்ட மஞ்சள் மாத்திரையில் எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. இதைச் சொன்னதும்தான் அவளுக்கே அது உறைத்தது. அப்புறம் மருத்துவரிடம் போய் "இரும்பு தாங்கவில்லை" என்று சொன்னாள். சொல்லும் விதம் மாறியதும் கிடைத்த உதவியும் மாறியது. வேறு வகை இரும்பு உப்பு எழுதினார்கள், முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பழகிய பிறகு தினம். ஃபோலிக் தனியாகத் தொடர்ந்தது.

கறுப்பு மலத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை, உடம்பில் சேராத இரும்பு அப்படி வெளியேறுகிறது. தார் போலப் பிசுபிசுப்பாக, கடுமையான நாற்றத்தோடு, தலைசுற்றலும் சேர்ந்து வந்தால் மட்டும் உடனே காட்ட வேண்டும்.

நான் இரும்பு மாத்திரையோடு ஒத்துப்போனது இப்படித்தான். வெறும் வயிற்றில் போட்டால் அதிகம் சேரும் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். எனக்கு வெறும் வயிற்றில் போட்டால் வாந்தி. வாந்தியில் போகும் மாத்திரையில் என்ன சேரும்? மதிய உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு போட்டேன். டீ, காபி முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் கிடையாது. எனக்குக் காபி இல்லாமல் பொழுது விடியாது, அதனால்தான் காலை நேரத்தையே விட்டுவிட்டேன். கால்சியம் மாத்திரையைக் காலைச் சாப்பாட்டோடும் ராத்திரிச் சாப்பாட்டோடும் வைத்துக்கொண்டேன். கால்சியமும் இரும்பும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தடுக்கும், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இரும்போடு நாலு மணி நேர இடைவெளி விட வேண்டும். இந்த நேரக்கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டி வைத்தேன். மாமியாரே பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுவார்.

மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கொய்யா, வாழைத்தண்டுப் பொரியல், ராத்திரி ஊறவைத்த உலர் திராட்சை என்று முயன்றேன். ஓரளவுக்குத்தான் உதவியது. ஏழாம் மாதத்தில் மூலம் வந்துவிடுமோ என்ற நிலை வந்தபோது மருத்துவர் கர்ப்பத்தில் எடுக்கக்கூடிய ஒரு பேதி சிரப் எழுதினார். அதை முன்பே கேட்டிருக்கலாம் என்று அத்தனை பெண்களுக்கும் சொல்கிறேன். சாப்பாட்டிலேயே எல்லாவற்றையும் சரிசெய்துவிட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

சாப்பாட்டைப் பற்றியே இன்னொன்று. "மாத்திரை எதுக்கு, கீரை சாப்பிடு" என்ற பேச்சைக் கேட்காத கர்ப்பிணி இருக்க மாட்டாள். கீரையில் ஃபோலேட் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, வேர்க்கடலை, வெண்டைக்காய் எல்லாவற்றிலும் இருக்கிறது. இந்தச் சத்தின் கதையே சாப்பாட்டில்தான் தொடங்கியது. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1928-ல் பம்பாய் வந்து, துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வரும் கடுமையான சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது குணமாகிறது என்று 1931-ல் எழுதினார். அதற்குள் இருந்த பொருள் எது என்று பிறகு தேடியதில்தான் ஃபோலேட் அகப்பட்டது. 1941-ல் அதைப் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நம் நாட்டுப் பெண்களின் உடம்பிலிருந்து உலகம் கற்ற பாடம் இது. நாம் அதை மறக்கக் கூடாது என்று எனக்கு மனமார ஓர் ஆசை உண்டு.

ஆனாலும் கீரை மட்டும் போதாது. ஃபோலேட் தண்ணீரில் கரையும், சூட்டில் கெடும். கீரையை நறுக்கிக் கழுவி, நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்தால் பாதிக்கு மேல் போய்விடலாம். மிச்சம் இருப்பதிலும் உடம்பில் சேருவது சுமார் பாதி. முழுசாகக் கழுவி அப்புறம் நறுக்குங்கள், கொஞ்சத் தண்ணீரில் மூடிவைத்து சீக்கிரம் இறக்குங்கள், வெந்த தண்ணீரை ரசத்திலோ குழம்பிலோ சேருங்கள். இது மாத்திரைக்குத் துணை, மாத்திரைக்குப் பதில் இல்லை. ரேஷனில் வரும் செறிவூட்டிய அரிசியும் அப்படித்தான். அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பிளாஸ்டிக் இல்லை, அரிசி மாவில் இரும்பும் ஃபோலிக் ஆசிடும் பி12-உம் கலந்து செய்த மணிகள். எறியாதீர்கள். ஆனால் ஒரு கிலோவில் இருக்கும் ஃபோலிக் ஆசிட் 75 முதல் 125 மைக்ரோகிராம்தான், கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு வேண்டிய 400-க்கு அது எட்டாது.

இனி சொல்லப்போவது எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமானது. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு முடக்குவாதம், வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறார். அந்த மருந்து உடம்பில் ஃபோலேட் வேலை செய்வதைத் தடுக்கும், அதனால் வாய்ப்புண், குமட்டல், கல்லீரல் பரிசோதனையில் கோளாறு எல்லாம் வரலாம். அதைக் குறைக்கத்தான் கூடவே ஃபோலிக் ஆசிட் எழுதுகிறார்கள். அம்மாவுக்கு மெத்தோட்ரெக்சேட் போடாத நாட்களில் ஃபோலிக். அதற்குப் பிறகு அவருடைய வாய்ப்புண் எவ்வளவோ குறைந்தது, சட்னி தொட்டுச் சாப்பிட முடிகிறது. ஃபோலிக் தொந்தரவுதானே தவிர உபகாரம் இல்லை என்று நினைப்பவர்கள் என் அம்மாவைக் கேட்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், மெத்தோட்ரெக்சேட்டும் சின்ன மஞ்சள் மாத்திரையாக வருவது உண்டு, 5 மி.கி. ஃபோலிக்கும் சின்ன மஞ்சள் மாத்திரை. அம்மா வீட்டில் இரண்டும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தன, அதே அலமாரியில் என் மாத்திரைகளையும் வைக்க இடம் ஒதுக்கியிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெத்தோட்ரெக்சேட் கருவைக் கலைக்கவோ கடுமையாகச் சிதைக்கவோ கூடிய மருந்து, கர்ப்பிணி அதை எடுக்கவே கூடாது. அம்மாவுக்கும் அது வாரம் ஒரு முறைக்கான மருந்து. ஃபோலிக் என்று நினைத்துத் தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிருக்கே ஆபத்து. உலகில் பல இடங்களில் இந்தத் தவறு நடந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அன்றே அம்மாவின் மெத்தோட்ரெக்சேட்டை அப்பாவின் பீரோவில் தனி டப்பாவில் பூட்டினோம். டப்பா மேல் பெரிய எழுத்தில் "வாரம் ஒரு நாள் - ஞாயிறு மட்டும்". ஞாயிற்றுக்கிழமை அப்பா எடுத்துக் கொடுப்பார், காலண்டரில் டிக் அடிப்பார். இரண்டு மருந்தும் இருக்கும் வீடு எதுவானாலும் இன்றே இதைச் செய்துவிடுங்கள். நிறத்தைப் பார்த்து மாத்திரை எடுக்கிற பழக்கம் நம் பெரியவர்களுக்கு உண்டு. அட்டையிலிருந்து வெட்டித் துண்டாக வைக்கும்போது பெயர் இருக்கும் பக்கத்தை வெட்டாமல் வையுங்கள். மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் பெண் குழந்தைக்குத் திட்டமிடுகிறார் என்றால், கருத்தரிப்பதற்குப் பல மாதம் முன்பே மருத்துவரிடம் சொல்லி அதை நிறுத்தியிருக்க வேண்டும்.

ஒவ்வாமை பற்றியும் ஒரு வார்த்தை. ஃபோலிக் ஆசிடுக்கு உண்மையான அலர்ஜி அரிது, ஆனால் உண்டு. உடம்பெங்கும் தடிப்பு, உதடு முகம் வீங்குவது, மூச்சு இழுப்பது என்றால் நேரம் மாற்றிப் பார்ப்பதெல்லாம் கிடையாது, உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், மறுபடி அந்த மாத்திரையைத் தொடக் கூடாது. சில சமயம் குற்றம் மாத்திரையில் சேர்த்த நிறத்திலோ மற்ற பொருளிலோ இருக்கும், அதை மருத்துவர் கண்டுபிடித்து வேறு தயாரிப்பு கொடுப்பார். அரிப்பு வந்த மாத்திரையின் அட்டையைத் தூக்கி எறியாமல் எடுத்துப் போங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு சிவப்பு மாத்திரையைத் தொடர்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தையல், மலச்சிக்கல், ராத்திரி முழுக்கப் பால் கொடுப்பது. குழந்தை பிறந்தாயிற்று, இனி எதற்கு என்று வீட்டிலும் சொன்னார்கள். பிரசவத்தில் போன ரத்தத்தை யார் திருப்பிக் கொடுப்பது? மருத்துவரிடம் பேசி சிரப்பையும் சேர்த்து, குழந்தை தூங்கும் மதிய நேரத்துக்கு மாற்றிக்கொண்டு முடித்தேன். பி12 இப்போதும் தொடர்கிறது, பால் கொடுக்கும் சைவத் தாய்க்கு அது குறைந்தால் குழந்தைக்கும் குறையும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

இப்போது நாத்தனார் திட்டமிடுகிறார். 5 மி.கி. அட்டையை போட்டோ எடுத்து அனுப்பி, "அண்ணி, இது போட்டா வயிறு உப்புது, விட்டுடவா?" என்று கேட்டார். விட வேண்டாம், நாளையிலிருந்து காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, சனிக்கிழமை டாக்டரிடம் போகும்போது எனக்கு இந்த அளவு ஏன் என்று கேள், பி12-உம் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல், என் அம்மாவுக்கு இருப்பது போல உன் வீட்டில் யாருக்காவது மூட்டுக்கு மாத்திரை இருந்தால் அதைத் தனியாக வை என்று எழுதி அனுப்பினேன். சனிக்கிழமைக்கு டோக்கன் போட்டுவிட்டதாகச் சொன்னார்.